கடனுக்கு முன்னால் கணக்கு

கொழும்பிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் வந்த சகோதரிகளுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்கும். பலாங்கொடையையும் பெலிஹுல்ஓயாவையும் கடந்து மலையேறினால், பெரகலைச் சந்திக்கு முன்னால் வருவது ஹல்துமுல்லை. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். வானம் தெளிந்த நாளில் தெற்கே சமவெளி வெகு தூரம் வரை தெரியும். அந்த வீதியோரத் தேநீர்க் கடைகளில் முறுக்குப் பைக்கற்றுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் சில எங்கள் லயத்தில் சுட்டவை.

அந்தப் பைக்கற்று கடைக்குப் போய்ச் சேர்ந்த கதையைத்தான் எழுதுகிறேன். இதை வெற்றிக் கதை என்று மட்டும் வாசித்துவிட வேண்டாம். எனக்கு மூத்தவளாகிய ஒருத்தியை நான் நாலு பேர் முன்னிலையில் தலைகுனிய வைத்த கதையும் இதற்குள் இருக்கிறது. சிறுதொழில் செய்ய நினைக்கும் பெண்களுக்கும், அவர்களுக்கு உதவ நினைப்பவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வரும் மோட்டார் சைக்கிள்

நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அம்மாவும் அம்மம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்காவும் கொழுந்து பறிப்பவர்தான். ஆனால் தீபாவளி வந்தால் எங்கள் லயத்தில் எல்லா வீட்டு மாவையும் அவர்தான் பிழிவார். அவர் கைப்பக்குவம் அப்படி. "இதையே தொழிலாகச் செய்தால் என்ன?" என்று அவரிடம் முதலில் கேட்டவள் நான்.

அது 2017ஆம் ஆண்டு. அப்போது தோட்டத் தொழிலாளிக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 730 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. வேலை குறைந்த மாதத்தில் அரிசிக்கும் மாவுக்குமே அது போதாது. அந்த நேரத்தில்தான் ஒரு நுண்கடன் கம்பனியின் ஆட்கள் லயத்துக்கு வந்தார்கள். பிணைக்கு நகை வேண்டாம், காணி உறுதி வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்றார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். அதுதான் பிணை.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் குழுத் தலைவி ஆக்கினார்கள். எனக்கும் பெருமைதான். ஆளுக்கு 50,000 ரூபா எடுத்தோம். 52 வாரத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், வாரம் 1,192 ரூபா சொச்சம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், எங்கள் வீட்டு இஸ்தோப்பில் கூடிக் காசை எண்ணிக் கொடுப்போம்.

அக்கா அந்தப் பணத்தில் 22,000 ரூபாவைத் தொழிலில் போட்டார். கடைக்காரரின் பழைய கடனை அடைத்தார். மிச்சம் மகளின் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்குப் போயிற்று. இதில் தவறு காண யாருக்கும் உரிமையில்லை. ஏழை வீட்டில் தொழிலுக்கு ஒரு பணப்பை, குடும்பத்துக்கு ஒரு பணப்பை என்று கிடையாது.

முறுக்கு நன்றாக விற்றது. ஆனால் நான்கு மாதத்தில் அக்கா தவணைக்குத் திணறத் தொடங்கினார். ஒரு வாரம் நாங்கள் சேர்த்துக் கட்டினோம். இரண்டாவது வாரமும் கட்டினோம். மூன்றாவது வாரம், காசு வாங்க வந்தவர் எழும்பாமல் உட்கார்ந்திருக்க, நான் எல்லோர் முன்னாலும், "வாங்கத் தெரிஞ்சவங்களுக்குக் கட்டத் தெரியாதா?" என்று அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர் காதில் தோடு இல்லை. அடகு வைத்துத் தவணையைக் கட்டியிருந்தார். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் என்னுடன் பேசவில்லை. ஒரே சுவர்தான் இடையில். அவர் வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். ஆனாலும் பேச்சில்லை.

நாற்பது ரூபா

நன்றாக விற்ற தொழில் ஏன் நட்டமாயிற்று? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடன் முடிந்த பிறகு ஒருநாள், அக்கா முன்பு என்னிடம் தந்திருந்த துண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு சுற்றுக்கு 60 பைக்கற்று. ஒன்று 100 ரூபா வீதம் 6,000 ரூபா. மா, உளுந்து, எண்ணெய், எள்ளு, ஓமம் எல்லாம் 4,000 ரூபா. மிச்சம் 2,000 ரூபா இலாபம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் பொலித்தீன் பை, விறகு, பஸ் காசு என்று 500 ரூபா போயிருந்தது. அப்படியானால் 1,500.

இன்னுமொன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அக்காவும் அவர் நாத்தனாரும் ஒருநாள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். இரண்டு பேரின் சம்பளம் 1,460 ரூபா. அதையும் கழித்தால் மிஞ்சியது 40 ரூபா!

நாற்பது ரூபா இலாபம் தரும் தொழிலை வைத்து வாரம் 1,192 ரூபா கட்டச் சொல்லியிருக்கிறோம். அக்கா சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரியும் இல்லை. அவர் உழைப்புக்கு விலை போடாத கணக்கை எழுதியவள் நான்தான். பெண்களின் சிறுதொழில்கள் பல இப்படித்தான் சத்தமில்லாமல் சாகின்றன. நம் உழைப்பை நாமே இலவசம் என்று எழுதிவிடுகிறோம்.

வேறொரு பொருத்தமின்மையும் இருந்தது. தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, 10ஆம் திகதியை ஒட்டித்தான் வரும். லயத்தில் முறுக்கு வாங்கியவர்கள் "சம்பளத்துக்குத் தாரேன்" என்றுதான் வாங்கினார்கள். வரவு மாதத்துக்கு ஒருமுறை, தவணையோ வாரத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட மூன்று செவ்வாய்க்கிழமைகளுக்கும் காசு எங்கிருந்து வரும்?

ஒரே வட்டி, இரண்டு கணக்கு

சகோதரிகளே, இந்தப் பகுதியை மட்டும் பென்சிலும் கடதாசியும் எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட வட்டி, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபா. கேட்பதற்குச் சிறிய தொகை. 50,000 ரூபாவுக்கு மாதம் 1,000 ரூபா, ஒரு வருடத்துக்கு 12,000 ரூபா. மொத்தம் 62,000. அதை 52 ஆல் பிரித்தால் வாரத் தவணை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் கழிந்தபோது பாதி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எங்கள் கையில் இருந்தது 25,000 ரூபா மட்டுமே. ஆனால் வட்டி மட்டும் 50,000 ரூபாவுக்கே ஓடிக்கொண்டிருந்தது. இதை நிலையான வட்டி முறை என்பார்கள். கையில் மிஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி போடுவது குறைந்து செல்லும் மீதி முறை. அதே இரண்டு ரூபா வட்டியை இந்த முறையில் மாதத் தவணையாகக் கட்டியிருந்தால் வருட வட்டி 6,500 ரூபாதான். "வருடத்துக்கு 24 வீதம்" என்று நாங்கள் நினைத்த கடனின் உண்மையான வட்டி ஏறக்குறைய 44 வீதம்.

ஆகவே யார் கடன் தர வந்தாலும், "வட்டி எவ்வளவு?" என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். "மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வாங்குங்கள்.

எங்கள் துன்பம் எங்களோடு மட்டும் நிற்கவில்லை. வடக்கு கிழக்கில் போருக்குப் பிறகு தனியே குடும்பம் நடத்திய பெண்கள் ஆயிரக்கணக்கில் இதே வலையில் சிக்கினார்கள். 2018ஆம் ஆண்டு அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து, கடன் பட்ட பெண்கள் படும் துன்பத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இதனால் கடனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலின் கணக்கைப் பார்க்காமல் கொடுக்கும் கடனும், பார்க்காமல் வாங்கும் கடனும் உதவியாகாது என்பதே நான் கற்றுக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம்

கணக்கை முடித்த அன்று இரவு அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன புள்ள, கணக்குப் புத்தகத்தோட வந்திருக்க? இன்னும் யாருக்காச்சும் காசு கட்டணுமா?"

"இல்லக்கா. நான்தான் உங்களுக்குக் கட்ட வேண்டியிருக்கு" என்றேன். நாற்பது ரூபாக் கணக்கை வாசித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு முறுக்கு சுடத் தெரியும். ஒனக்குக் கணக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். அந்தச் சொல் என்னை உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "சரி, அந்த நாப்பது ரூபாவ எப்படிக் கூட்டுறது? அதச் சொல்லு."

எங்கள் பெட்டி

2019இல் பதினொரு பெண்கள் சேர்ந்தோம். முதல் விதி, ஒரு வருடத்துக்கு யாருக்கும் கடன் இல்லை, சேமிப்பு மட்டும். வாரம் ஆளுக்கு 50 ரூபா. சீட்டுப் பிடிக்கும் பழக்கம் தோட்டத்தில் எப்போதும் உண்டு என்பதால் யாருக்கும் இது புதிதாகத் தோன்றவில்லை. வருட முடிவில் 28,600 ரூபா சேர்ந்தது. மூன்று பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்று வங்கியில் போட்டோம்.

இரண்டாவது விதி, கடன் கேட்பவள் தன் தொழிலின் கணக்கை, தன் ஒருநாள் கூலியையும் சேர்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது விதி, தவணை சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான்காவது விதி, மீதிக்கு மட்டுமே வட்டி. 10,000 ரூபாவை ஐந்து மாதத்தில் கட்டினால் வட்டி 200, 160, 120, 80, 40 என்று மொத்தம் 600 ரூபா. அந்த வட்டியும் வெளியே போகாமல் எங்கள் பெட்டிக்கே திரும்பி வருகிறது.

ஐந்தாவது விதியை அக்கா சொன்னார். "கட்ட முடியாதவளத் தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும். கூட்டத்துல கேக்கக் கூடாது." யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அதை எழுதிக்கொண்டேன்.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நாட்டில் 1906ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. இந்தியாவில் 1959 மார்ச் 15ஆம் திகதி மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாவைக் கடனாகப் பெற்று, மொட்டை மாடியில் அப்பளம் போடத் தொடங்கினார்கள். நட்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர்கள் எடுத்த முடிவு. அதுதான் இன்று 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்காளிகளாக உள்ள லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்களும் கடனோடுதான் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தக் கடன் தொழிலின் அளவுக்குப் பொருந்திய கடன்.

அக்காவின் நாற்பது ரூபா எப்படிக் கூடியது? வேலை நாளில் சுடுவதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். எண்ணெயும் மாவும் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து மொத்தமாக வாங்கினோம். லயத்துக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தி, கைக்குக் காசு தரும் இரண்டு வீதியோரக் கடைகளுக்குக் கொடுத்தோம். இவ்வளவுதான். பெரிய மூலதனம் எதுவும் வரவில்லை.

முகவரி இல்லாத தொழில்

கடைக்குக் கொடுக்கத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. பைக்கற்றில் யார் பெயரைப் போடுவது? எந்த முகவரியைப் போடுவது?

உணவுப் பண்டம் விற்பதென்றால் பைக்கற்றில் பொருளின் பெயர், நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, செய்பவரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். உணவென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்ப்பார். தொழில் நடக்கும் இடம் யாருடையது என்ற கேள்வியும் வரும்.

நாட்டின் மற்ற ஊர்களில் இது ஒரு நாள் அலைச்சல். லயத்தில் இருப்பவளுக்கு இது பெரிய மலை. காம்பரா அவளுடையதல்ல. நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் காணி தோட்டத்துடையது. சம்மதக் கடிதம் வேண்டும். எங்களுக்கு அந்தக் கடிதம் வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு திரும்பக் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு ஓர் இலக்கமும் காணிக்கு ஓர் உறுதியும் இன்னும் எல்லோருக்கும் வரவில்லை.

எங்கள் பிரதேச செயலகப் பிரிவிலேயே உள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயங்களை மூடியதை நாடு மறந்திருக்காது. உயிர் பிழைத்த குடும்பங்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016இல் கையளித்தார்கள். தனி வீடு என்பது பாதுகாப்பான கூரை மட்டுமல்ல. அதில் ஒரு தனிச் சமையலறை உண்டு, கதவு உண்டு, முகவரி உண்டு. பெண்ணின் சிறுதொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தோட்ட மக்களுக்குக் காணியும் வீடும் கேட்பவர்கள், அவளுடைய தொழிலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்பதை எல்லோரும் உணர வேண்டும்.

பெட்டி தாங்கிய நாட்கள்

வழி எப்போதும் நேராகவே இருக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது கொழுந்து குறைந்து வேலை நாட்களும் குறைந்தன. 2022இல் மாவும் எண்ணெயும் எரிவாயுவும் எட்டாத விலைக்குப் போயின. ஐந்து மாதம் முறுக்குச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. இருவர் சங்கத்தை விட்டு விலகினார்கள். அவர்கள் சேமிப்பைச் சதம் குறையாமல் திருப்பிக் கொடுத்தோம். ஒருத்தி பின்னர் திரும்பி வந்தாள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. பதுளை மாவட்டத்தில் பல வீதிகள் மண்சரிவால் தடைப்பட்டன. வெளியூர்ப் பயணிகள் வரவில்லை. கட்டிய பைக்கற்றுகள் தேங்கின. அவற்றை அயலில் இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். டிசெம்பர் மாதத் தவணையை எல்லோருக்கும் தள்ளிவைப்பது என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தோம். அதற்குக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்று எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதன் கணக்கில் மழைக்கும் மண்சரிவுக்கும் ஒரு வாரமும் ஒதுக்கியிருக்கவில்லை.

இன்று அக்கா பெரிய முதலாளி ஆகிவிடவில்லை. தோட்ட நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் ஆகி, 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபாவென அறிவிக்கப்பட்டது. கூலி கூடும்போதெல்லாம் எங்கள் கணக்கிலும் உழைப்பின் விலையைக் கூட்டி எழுதுகிறோம். அப்படிக் கழித்த பிறகும் ஒரு சுற்றுக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேல் மிஞ்சுகிறது. மகள் பதுளையில் தாதியர் பயிற்சி பெறுகிறாள். அடகுக்குப் போன தோடு மூழ்கிவிட்டது, திரும்பவில்லை. சென்ற வருடம் சேமிப்பிலிருந்து சின்னதாக வேறொரு சோடி வாங்கினார். வாங்கிய அன்று என்னிடம்தான் முதலில் காட்டினார்.

நாம் என்ன செய்யலாம்?

தொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகளே, கடனுக்குக் கையெழுத்து வைக்கும் முன் மூன்று மாதமாவது கையிலுள்ள சிறு தொகையோடு செய்து பாருங்கள். வரவு, செலவு, உங்கள் உழைப்பு மூன்றையும் எழுதுங்கள். வரவு எந்த நாளில் வருகிறதோ அந்த நாளுக்குத் தவணையைக் கேளுங்கள். தராவிட்டால் அந்தக் கடன் உங்களுக்கு ஆகாது.

அயலில் இருப்பவர்களே, பக்கத்து வீட்டுப் பெண் செய்யும் பொருளைக் கைக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். "நம்ம ஆள்தானே" என்று கடன் சொல்வதை விட, நம்ம ஆள் என்பதற்காகவே காசு கொடுப்பதுதான் ஆதரவு.

உதவி செய்யும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரம் கொடுத்துப் படம் எடுப்பதற்கு முன்னால், அவளுக்கு ஒரு முகவரிக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். சந்தைக்கு ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். கணக்கெழுத ஒரு பிற்பகல் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முறை எங்கள் வீதியால் வரும்போது பஸ் நின்றால் இறங்குங்கள். முறுக்கு வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பைக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்து முகவரியை வாசித்துப் பாருங்கள். அந்த மூன்று வரிக்காகத்தான் நாங்கள் ஏழு மாதம் நடந்தோம்.